பூஜ்யத் தொலைவில்

வீட்டை விற்றுப் பங்கு பிரித்தோம்.
நாயை அவன் தங்கை கொண்டுபோனாள்.
இந்த இரண்டு இருக்கை விமானத்தை மட்டும்
எந்த நீதிபதியாலும் நடுவில் அறுக்க முடியவில்லை.
ஒற்றைப்படைத் தேதிகள் போகோமிருக்கு,
இரட்டைப்படை எனக்கு.
முப்பத்தொன்று வரும் மாதங்களில்
அவனுக்கு அடுத்தடுத்து இரண்டு நாள்.
அதைப் பற்றி நான் இன்னும் வாய் திறக்கவில்லை.

இன்று இருபத்திரண்டு.
விபாவா பள்ளத்தாக்கில் மூன்று நாள் ஊளையிட்ட
புர்யா காற்று விடியலில் படுத்துவிட்டது.
நானோஸ் மலையின் தோளில் மட்டும்
பிய்ந்த பஞ்சு கொஞ்சம்.

கண்ணாடி விதானத்தின் மேல் தார்ப்பாய் உறை,
ஆறு பட்டைகள்,
ஆறிலும் அவன் முடிச்சு.
இழுத்தால் இறுகும், தள்ளினால் அவிழும்.
பதினான்கு வருடம் கூட இருந்தும்
எனக்குக் கைவராதது.
பல்லால் கடித்து அவிழ்க்கிறேன்.

ஏப்ரலில் ஒருநாள்
தரையை விட்டு எழும்பி நூறடியில்
விதானம் நான்கு விரற்கடை திறந்துகொண்டது.
வரைபடம் பறந்தது. மூக்குக்கண்ணாடி பறந்தது.
காற்று காதுக்குள் புகுந்து கெட்ட வார்த்தை பேசியது.
விமானம் என்னவோ
பறந்துகொண்டுதான் இருந்தது.
மூடப் போகிறேன் என்று கையை நீட்டியவர்கள்தான்
செத்திருக்கிறார்கள்.
நீள வந்த கையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு
ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினேன்.
பதிவேட்டில் எழுதினேன்: “தாழ் தேய்ந்திருக்கிறது.”
அடுத்த ஒற்றைப்படைத் தேதியில்
அதன் கீழே: “இனித் தேயாது.”
கையெழுத்து இல்லை.

இடது தாழ். வலது தாழ்.
நடுவில் அவன் புதிதாக வைத்த கொக்கி.
உள்ளங்கையால் மேலே தள்ளிப் பார்க்கிறேன்.
அசையவில்லை.
இன்னொரு தடவை.
வாசல் கதவைப் பூட்டிவிட்டு
நாலடி போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவள் நான்;
அதற்காகவும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை
சண்டை போட்டிருக்கிறோம்.

பிறகு, நேற்றுத் தபாலில் வந்த கருவி.
சோப்புக்கட்டி அளவு, முளைத்த ஒரு கொம்பு.
அக்கம்பக்கத்தில் யார் பறக்கிறார்கள் என்று
கோள் சொல்லும்.
திசைகாட்டிக்கு அருகே வைத்தால் வடக்கு குழம்பும்,
இறக்கி வைத்தால் இன்ஜின் மறைக்கும்,
ஏற்றி வைத்தால் நானே பாதை பார்க்க முடியாது.
ரப்பர் கிண்ணத்தில் எச்சில் தடவி
வலது மூலையில் அழுத்தினேன்.
அங்கே ஏற்கெனவே மங்கலாக ஒரு வட்டம்,
கிண்ணத்துக்கு அளவெடுத்ததுபோல.
விழுந்து மிதிகட்டைக்குள் உருளாதிருக்க
ஷூ நாடாவால் ஒரு கட்டு.
(என் முடிச்சு.)

ஆயிரத்து எண்ணூறு அடியில், திராட்சைத் தோட்டங்களுக்கு மேல்
அது கத்தத் தொடங்கியது.
சம உயரம். தொலைவு பூஜ்யம்.
இடது பக்கம் சாய்ந்தேன், அவரும் சாய்ந்தார்.
ஏறினேன், ஏறினார்.
மேலே பார்த்தேன், கீழே, வாலுக்குப் பின்னே.
ஒரு வல்லூறு, அதுவும் தன் பாட்டுக்கு.
முதுகெலும்பில் எறும்பு ஊர்ந்தது.
இரண்டு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது:
என் டிரான்ஸ்பாண்டரின் குரலைக் கேட்டு
என்னையே எனக்குக் காட்டிக்கொடுக்கிறது.

யார் நீ என்று தெரிந்தால் சும்மா இருக்கும்.
திரை ஆறு எழுத்துக் குறியீடு கேட்டது.
யாருக்கு நினைவிருக்கிறது!
குனிந்தபோது தட்டின் விளிம்புக்கு அடியில்
பென்சிலில் புதுசாக ஆறு எழுத்து,
வயிற்றில் கோடு போட்ட அந்த ஏழு.
ஆக, ஒற்றைப்படைத் தேதிகளில்
அவனையும் யாரோ துரத்தியிருக்கிறார்கள்.
அதே மூலையில், அதே வட்டத்தில் வைத்து,
ஒரே சாமானுக்கு
இரண்டு பேரும் தனித்தனியாகக் காசு கொட்டியிருக்கிறோம்.

தட்டினேன். திரை காலியானது.
வல்லூறு திரும்பிப் பார்க்காமல்
நானோஸ் பக்கம் நகர்ந்தது.

இறங்கி, உறை போர்த்தி,
பட்டைகளை எனக்குத் தெரிந்தபடி கட்டினேன்.
பதிவேட்டில்:
ஐம்பத்திரண்டு நிமிடம். தாழ் சரி.
எண்ணெய் அரை லிட்டர் ஊற்றவும்.
முப்பத்தொன்றாம் தேதி பற்றிப் பேச வேண்டும்.